கொடுத்த ரத்தம், கொட்டிய ரத்தம்

புனேவில் குடும்பம் நடத்துகிற தமிழர்களுக்கு சஸூன் ஆஸ்பத்திரியை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ரயில்வே ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் இருக்கிற அரசு மருத்துவமனை. 1924 ஜனவரியில் எரவாடா சிறையிலிருந்து காந்தியைக் கொண்டுவந்து குடல்வால் ஆபரேஷன் செய்தது இங்கேதான். ஆனால் சஸூன் யார் என்று கேட்டால் நம்மவர்களில் பாதிப் பேர் "யாரோ வெள்ளைக்காரத் துரை" என்றுதான் சொல்வார்கள். அவர் ஒரு பாக்தாத் யூதர். ஊரில் ஆட்சியாளர் கொடுத்த தொல்லை தாங்காமல் தப்பி வந்து, 1830களில் பம்பாயில் வியாபாரம் தொடங்கி, பஞ்சிலும் அபினியிலும் (ஆமாம், அபினிதான், சீனாவுக்குப் போன சரக்கு) பெரும் பணம் சேர்த்த டேவிட் சஸூன். அந்தப் பணத்தில் ஒரு பங்குதான் 1867இல் ஆஸ்பத்திரியாக எழுந்து நின்றது. கேம்ப் பக்கம் செங்கல் கோபுரத்தோடு நிற்கிற லால் தேவுளும் அவர் கட்ட ஆரம்பித்ததுதான். அவர் சமாதியும் அங்கேயே இருக்கிறது.

பணம் கொடுத்து ஆஸ்பத்திரி கட்டுகிறவரிடம் யாரும் "உன் பணம் வேண்டாம்" என்று சொல்வதில்லை. அபினிப் பணமாக இருந்தாலும் வாங்கிக்கொள்வார்கள். ரத்தம் அப்படி இல்லை. கொடுக்க ஆள் இருந்தால் மட்டும் போதாது, வாங்கிக்கொள்ள எதிராளிக்கு மனசும் வேண்டும். யூதர்களின் சரித்திரத்தை ரத்தம் என்கிற ஒரே சொல்லைப் பிடித்துக்கொண்டு வாசித்துப் பார்த்தால் இது நன்றாகப் புரியும். அதைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாக எழுதப் போகிறேன். பதிவு நீளம், ஒரு டீயோடு உட்காருங்கள்.

அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் யூதர்களின் சினகாக்குகளில் ரத்ததான முகாம் நடப்பது சர்வ சாதாரணம். நம்மூரில் கல்யாண மண்டபத்திலும் ரசிகர் மன்றத்திலும் நடக்கிற மாதிரிதான். சனிக்கிழமை மட்டும் வைக்க மாட்டார்கள், அது ஓய்வு நாள். பெரும்பாலும் ஞாயிறு காலை. படுக்க நாலு கட்டில், முடிந்ததும் ஜூஸ், பிஸ்கட். இதை அவர்கள் "மிட்ஸ்வா" என்பார்கள். நம் மொழியில் கடமை, புண்ணியம் இரண்டையும் சேர்த்துச் சொன்னால் அந்தச் சொல்லுக்குப் பக்கத்தில் வரலாம். வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு எல்லாச் சமூகத்தாரும் செய்கிற சேவை மாதிரிதான் தெரியும். ஆனால் இவர்களின் வீட்டுச் சமையலறையைப் பார்த்தால் இது எவ்வளவு விசித்திரமான சேவை என்று தோன்றும்.

நம்மூரில் ஆட்டு ரத்தப் பொரியல் சாப்பிட்டு வளர்ந்தவர்கள் உண்டு. சின்ன வெங்காயம், தேங்காய்ப்பூ, மிளகாய் போட்டு வதக்கினால் சோறு தனியாக இறங்கும். யூதர்களுக்கு அது கனவிலும் நடக்காத காரியம். அவர்களின் வேதம் ரத்தம் உண்பதைத் தடுக்கிறது, காரணம் உயிர் ரத்தத்தில் இருக்கிறது என்பது. அதனால் கறியை வாங்கி அப்படியே சமைக்க முடியாது. அரை மணி நேரம் தண்ணீரில் ஊற வைத்து, கல் உப்பைத் தடவி ஒரு மணி நேரம் வடிய விட்டு, திரும்பத் திரும்ப அலச வேண்டும். ஈரலில் ரத்தம் அதிகம் என்பதால் அதை நெருப்பில் நேரடியாகச் சுட்ட பிறகுதான் வேறு எதுவும் செய்யலாம். முட்டையை உடைக்கும்போது மஞ்சள் கருவில் ஒரு சிவப்புப் பொட்டு தெரிந்தால் முட்டையையே கொட்டி விடுவார்கள்.

இப்படிப்பட்ட ஜனங்கள் மேல்தான் ஐரோப்பா ஓர் அபாண்டத்தைச் சுமத்தியது: யூதர்கள் கிறிஸ்தவக் குழந்தைகளைக் கொன்று ரத்தத்தை எடுக்கிறார்கள் என்று. 1144இல் இங்கிலாந்தின் நார்விச் ஊரில் வில்லியம் என்ற பையன் இறந்து கிடந்தபோது பழி யூதர்கள் மேல் விழுந்தது. ரத்தம் எடுத்தார்கள் என்கிற சேர்க்கை 1235இல் ஜெர்மனியின் ஃபுல்டாவில் வந்தது. அங்கே 34 யூதர்கள் கொல்லப்பட்டார்கள். அப்போது பேரரசராக இருந்த இரண்டாம் ஃபிரெடெரிக் கொஞ்சம் புத்திசாலி. மதம் மாறிய முன்னாள் யூதர்களைப் பல நாடுகளிலிருந்து வரவழைத்து விசாரித்தார். இவர்களுக்கு யூதர்களைக் காப்பாற்ற வேண்டிய அவசியம் இல்லை, உண்மையைச் சொல்வார்கள் என்பது கணக்கு. விசாரணை முடிந்து 1236இல் அவர் அறிவித்தது, மிருக ரத்தத்தைக்கூடத் தொடாதவர்கள் மனித ரத்தத்தைத் தேடுவார்கள் என்று நம்ப முடியாது என்பது. 1247இல் போப் நான்காம் இன்னசென்ட்டும் இந்தக் குற்றச்சாட்டைக் கண்டித்தார்.

பேரரசரும் போப்பும் சொன்னால் வதந்தி நின்றுவிடுமா? 1475இல் இத்தாலியின் ட்ரெண்ட் நகரில் சைமன் என்ற குழந்தையின் சாவுக்காக யூதர்களைச் சித்திரவதை செய்து எரித்தார்கள். அந்தக் குழந்தையை வைத்து உருவான வழிபாட்டைக் கத்தோலிக்கத் திருச்சபை ரத்து செய்தது 1965இல். 1840இல் டமாஸ்கஸ். 1911இல் கீவ் நகரில் மெண்டல் பெய்லிஸ் என்ற செங்கல் சூளை ஊழியரைப் பிடித்து இரண்டு வருஷம் சிறையில் வைத்து, 1913இல் விடுதலை செய்தார்கள். இதற்கெல்லாம் உச்சம் 1946 ஜூலை 4, போலந்தின் கியெல்ட்ஸே. யூதர்கள் தன்னை ஒரு வீட்டின் நிலவறையில் அடைத்து வைத்தார்கள் என்று ஒரு சிறுவன் சொன்னான். அந்த வீட்டில் நிலவறையே கிடையாது. இருந்தும் 42 யூதர்கள் அடித்துக் கொல்லப்பட்டார்கள். ஹிட்லரின் முகாம்களில் பிழைத்து வந்தவர்களும் அதில் இருந்தார்கள்.

சரி, ரத்தம் கொடுப்பதைப் பற்றி அவர்களின் சாஸ்திரம் என்ன சொல்கிறது? ரபிகளுக்கு இங்கே இரண்டு சிக்கல். ஒன்று, உண்ணக்கூடாத ரத்தத்தை உடம்பில் ஏற்றலாமா? இரண்டு, தன் உடம்பைத் தானே காயப்படுத்திக்கொள்ளத் தடை இருக்கிறதே, ஊசி குத்திக்கொள்ளலாமா? முதல் கேள்விக்குப் பதில் சுலபம். நரம்பு வழியாக ஏறுவது சாப்பாடு ஆகாது. அப்படியே ஆனாலும், உயிரைக் காப்பாற்ற ஏறக்குறைய எல்லாத் தடைகளையும் மீறலாம் என்பது அவர்களின் அடிப்படை விதி. "பிக்குவாக் நெஃபெஷ்" என்று பெயர். ஒரு உயிருக்காக ஓய்வு நாளையே உடைக்கலாம் என்றால் மற்றது எம்மாத்திரம். (யெகோவாவின் சாட்சிகள் என்ற கிறிஸ்தவப் பிரிவு, ரத்தம் உண்ணாதே என்கிற அதே வேதக் கட்டளையை வைத்துக்கொண்டு 1945 முதல் ரத்தம் ஏற்றிக்கொள்ளவே மறுக்கிறது. ஒரே கட்டளை, இரண்டு முடிவு.)

இரண்டாவது கேள்விக்கு 20ஆம் நூற்றாண்டின் பெரிய சட்ட அறிஞரான ரபி மோஷே ஃபைன்ஸ்டைன் போன்றவர்கள் பழைய காலத்தைக் கை காட்டினார்கள். தால்மூத் காலத்தில் உடம்புக்கு நல்லது என்று ரத்தத்தைக் கீறி வெளியேற்றுவது வழக்கமான வைத்தியம். அதைக் காயம் என்று யாரும் சொல்லவில்லை. அதோடு, அடுத்தவன் உயிர் போவதைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்காதே என்கிற வேதக் கட்டளையும் இருக்கிறது. ஆகவே கொடுக்கலாம், கொடுப்பது நல்லது.

12ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த மைமோனிடிஸ் தர்மத்தை எட்டுப் படிகளாகப் பிரித்தார். அவரே மருத்துவர், எகிப்தின் அரண்மனையில் வைத்தியம் பார்த்தவர். மேல் படி, ஒருவனைப் பிச்சை கேட்க வேண்டாத நிலைக்கு உயர்த்துவது, அதாவது தொழிலுக்கு வழி செய்து கொடுப்பது. அதற்கு அடுத்த படி, யார் கொடுத்தார் என்று வாங்கியவருக்கும் யாருக்குப் போனது என்று கொடுத்தவருக்கும் தெரியாமல் கொடுப்பது. இன்றைய ரத்த வங்கி முறை இந்த இரண்டாம் படிக்கு அச்சாகப் பொருந்துகிறது. அவர் காலத்தில் ரத்த வங்கி இருந்திருந்தால் உதாரணமாகவே காட்டியிருப்பார்!

அந்த ரத்த வங்கி உருவான கதையிலும் யூதப் பெயர்கள் வரிசையாக வருகின்றன. 1901இல் வியன்னாவில் கார்ல் லாண்ட்ஸ்டைனர் தன் ரத்தத்தையும் கூட வேலை செய்தவர்களின் ரத்தத்தையும் மாற்றி மாற்றிக் கலந்து பார்த்து, மனித ரத்தம் ஒரே வகை அல்ல என்று காட்டினார். 1930இல் நோபல் பரிசு. ஜூன் 14ஐ உலக ரத்த தான தினமாக 2004 முதல் கொண்டாடுகிறோமே, அது அவர் பிறந்த நாள். யூதக் குடும்பத்தில் பிறந்து 1890இல் கத்தோலிக்கராக மாறியவர். 1937இல் அமெரிக்க யூதப் பிரமுகர்கள் பட்டியல் ஒன்றில் தன் பெயரைப் போடக்கூடாது என்று கோர்ட்டுக்கே போனார். ரத்த வகையைக் கண்டுபிடித்தவர் தன் பிறப்பை மறைக்கப் பட்ட பாடு!

நியூயார்க்கில் 1852இல் "யூதர் மருத்துவமனை" என்ற பெயரில் தொடங்கி பிறகு மவுண்ட் சினாய் ஆன இடத்தில், 1907இல் ரூபன் ஆட்டன்பர்க் ரத்தத்தைப் பொருத்திப் பார்த்த பிறகு ஏற்றும் முறையைக் கொண்டுவந்தார். அதுவரை கொடுப்பவர் வாங்குபவர் இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் படுக்க வைத்து, ஒருவர் தமனியை இன்னொருவர் சிரையோடு சேர்த்துத் தைப்பார்கள். எவ்வளவு போனது என்று அளக்கவும் முடியாது. 1915இல் அதே மருத்துவமனையின் ரிச்சர்ட் லூயிசோன், சோடியம் சிட்ரேட்டை எந்த அளவு சேர்த்தால் ரத்தம் உறையாது, ஆளுக்கும் தீங்கு வராது என்று கணக்குச் சொன்னார். அதன் பிறகுதான் ரத்தத்தைப் பாட்டிலில் பிடித்து வைக்க முடிந்தது. 1937இல் சிகாகோவில் பெர்னார்ட் ஃபாண்டஸ் அதற்கு "ரத்த வங்கி" என்று பெயர் வைத்தார். ஹங்கேரியில் பிறந்த யூதர். போடுகிறவர் போட்டால்தான் எடுக்கிறவர் எடுக்க முடியும் என்ற எண்ணத்தில் வைத்த பெயர்.

லுட்விக் ஹிர்ஷ்ஃபெல்ட் என்ற போலந்துக்காரரைப் பற்றிக் கூடுதலாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவர் கதையில் நம் நாட்டுச் சிப்பாய்கள் வருகிறார்கள். முதல் உலகப் போரின்போது அவரும் மனைவி ஹன்னாவும் கிரேக்கத்தின் சலோனிகாவில் மருத்துவர்களாக இருந்தார்கள். பிரிட்டிஷ், பிரெஞ்சு, செர்பிய, ரஷ்யப் படைகள் எல்லாம் ஓரிடத்தில் குவிந்திருந்தன. பிரிட்டிஷ் படையோடு வந்த இந்தியர்களும் இருந்தார்கள். உலகத்து ஜனங்கள் எல்லாம் ஒரே ஊரில் கிடைத்தால் விடுவார்களா? எட்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் விரலைக் குத்தி ரத்த வகையைக் குறித்துக்கொண்டார்கள். 1919இல் லான்செட் இதழில் வெளியான அந்த ஆய்வில், மேற்கு ஐரோப்பியர்களிடம் ஏ வகை அதிகம், இந்தியர்களிடம் பி வகை அதிகம் என்று தெரிந்தது. பி பாசிட்டிவ் கேட்டால் ஆபீஸில் நாலு பேர் உடனே கை தூக்குகிறார்களே, அதன் முதல் புள்ளிவிவரம் சலோனிகா முகாமில் எடுத்ததுதான்.

ஹிர்ஷ்ஃபெல்டுகள் இதை மனித குலம் எப்படிப் பரவியது என்று அறியும் ஆர்வத்தில் செய்தார்கள். ஜெர்மனியில் சிலருக்கு வேறு யோசனை வந்தது. 1926இல் ரத்த வகை ஆராய்ச்சிக்கென்று ஒரு சங்கம் ஆரம்பித்தார்கள். தலைவர் ஓட்டோ ரெஹே என்ற இனவாத மானுடவியலாளர். உயர்ந்த ரத்தம், தாழ்ந்த ரத்தம் என்று சோதனைக் குழாயிலேயே பிரித்துவிடலாம் என்கிற ஆசை. அது நடக்கவில்லை. பல ஊர்களில் யூதர்களின் ரத்த வகை விகிதம், பக்கத்து வீட்டுக் கிறிஸ்தவரின் விகிதத்தைப் போலவே இருந்தது. எந்த வகையும் எந்த ஜாதிக்கும் தனியுரிமை ஆகவில்லை.

விஞ்ஞானம் கை கொடுக்காவிட்டால் என்ன, சட்டம் இருக்கிறதே. 1935 செப்டம்பரில் நூரம்பர்க்கில் கொண்டுவந்த சட்டத்தின் பெயரிலேயே "ஜெர்மானிய ரத்தம்" வந்துவிட்டது. அதே ஆண்டு ஹான்ஸ் செரல்மன் என்ற யூத டாக்டர், வேறு ஆள் கிடைக்காத அவசரத்தில் தன் ரத்தத்தையே ஒரு ஜெர்மானிய நோயாளிக்குக் கொடுத்தார். நோயாளி பிழைத்தார். இனத்தை மாசுபடுத்தியதாகக் குற்றம் சாட்டி டாக்டரை வதை முகாமுக்கு அனுப்பினார்கள். எழுநூறு வருஷம் "ரத்தத்தை எடுக்கிறான்" என்று பழி. இப்போது கொடுத்ததற்குத் தண்டனை.

ஹிர்ஷ்ஃபெல்டும் லாண்ட்ஸ்டைனர் மாதிரி கத்தோலிக்கராக மாறியவர்தான். நாஜிகளுக்கு அதெல்லாம் கணக்கில்லை. 1941இல் குடும்பத்தோடு வார்சா கெட்டோவுக்குள் தள்ளப்பட்டார். பட்டினியும் டைஃபஸும் தின்றுகொண்டிருந்த அந்த இடத்தில் மருத்துவ மாணவர்களுக்கு ரகசியமாக வகுப்பு எடுத்தார். பாடம், ரத்த வகைகள். பிறகு தப்பி வெளியே மறைந்து வாழ்ந்தார். ஒரே மகளை 1943இல் அந்தத் தலைமறைவு வாழ்க்கையில் நோய்க்குப் பறிகொடுத்தார். (ஹிட்லரை எதிர்த்துப் போரில் இறங்கிய அமெரிக்காவிலும் செஞ்சிலுவைச் சங்கம் 1942 முதல் கறுப்பர்களின் ரத்தத்தைத் தனிப் புட்டியில் லேபிள் ஒட்டித்தான் வைத்தது. 1950இல்தான் அந்த வழக்கம் ஒழிந்தது.)

இந்தப் பின்னணி தெரிந்தால்தான் இஸ்ரேலில் ரத்ததானத்துக்கு இருக்கிற இடம் புரியும். மாகென் டேவிட் அடோம் என்பது 1930இல் டெல் அவீவில் தொடங்கிய முதலுதவிச் சங்கம். "தாவீதின் சிவப்புக் கேடயம்" என்று அர்த்தம். இன்று அந்த நாட்டின் ஆம்புலன்ஸும் ரத்த சேவையும் அவர்கள் பொறுப்பு. சிலுவையோ பிறையோ இல்லாமல் நட்சத்திரத்தைச் சின்னமாக வைத்ததால் சர்வதேசச் செஞ்சிலுவை இயக்கத்தில் சேர 2006 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 2022இல் ராம்லா நகரில் நிலத்தடியில் ரத்த மையமே கட்டிவிட்டார்கள், ஏவுகணை விழுந்தாலும் வேலை நிற்காமலிருக்க. 2023 அக்டோபர் 7 தாக்குதல் ஒரு சனிக்கிழமையில், பண்டிகை நாளில் நடந்தது. ரத்தம் கொடுக்க நீண்ட வரிசைகள் நின்றதைச் செய்திகளில் பார்த்திருப்பீர்கள். அந்தத் தாக்குதலையும், அதன் பிறகு காஸாவில் சிந்திய ரத்தத்தையும் இங்கே ஒரு பத்தியில் அடைக்க முடியாது. அது தனியாக எழுத வேண்டியது.

ரத்தம் கொடுத்தால் அந்த ஆண்டு கொடுத்தவருக்கும் நெருங்கிய குடும்பத்துக்கும் ரத்தம் உறுதி என்று "ரத்தக் காப்பீடு" ஒன்றையும் அங்கே நெடுங்காலம் நடத்தினார்கள். ஊரை விட்டு வந்த நமக்கு இதன் அருமை தெரியும். இங்கே ஆஸ்பத்திரியில் யாரையாவது சேர்த்தால், "பதிலுக்கு ரெண்டு யூனிட் கொடுக்க ஆள் கூட்டிட்டு வாங்க" என்று இன்னமும் பல இடங்களில் கேட்கிறார்கள். சித்தப்பா பையன் திருநெல்வேலியில், மச்சான் கோவையில். கடைசியில் ஆபீஸில் பக்கத்து சீட்டு மராத்திக்காரரும் பீகார்க்காரரும்தான் வந்து கை நீட்டுவார்கள். தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்று வளர்ந்தவர்கள் நாம். ஆடாத சதையிலிருந்து வந்த ரத்தம்தான் வெளியூரில் காப்பாற்றுகிறது.

இனி, நான் எழுத வந்த முக்கியமான விஷயம்.

எத்தியோப்பியாவின் கோண்டார் மலைப் பகுதியில் பல நூற்றாண்டுகளாக ஒரு யூதச் சமூகம் இருந்தது. தங்களை "பேட்டா இஸ்ராயேல்" என்பார்கள், இஸ்ரேலின் வீட்டார் என்று பொருள். அக்கம்பக்கத்தார் "ஃபலாஷா" என்றார்கள், அந்நியர் என்று. இரும்பு அடிப்பது, மண்பாண்டம் செய்வது தொழில். இரவில் கழுதைப்புலியாக மாறி மனித ரத்தம் குடிக்கிறார்கள் என்று அவர்களைப் பற்றி அங்கே ஒரு நம்பிக்கை. ஐரோப்பாவோடு எந்தத் தொடர்பும் இல்லாத மலையிலும் பழி ரத்தமாகத்தான் வந்திருக்கிறது பாருங்கள்.

1984-85இல் சூடான் வழியாக ஏறத்தாழ எட்டாயிரம் பேரை இஸ்ரேல் விமானத்தில் கொண்டு வந்தது. நடந்தே சூடான் வந்து சேர்வதற்குள்ளும் அங்கே முகாம்களிலும் ஆயிரக்கணக்கில் செத்துப் போனார்கள். 1991 மே மாதம் மறுபடியும் ஒரு முயற்சி. சீட்டுகளைப் பிடுங்கிவிட்டு விமானத்தில் ஆட்களை நிரப்பி, ஒன்றரை நாளில் பதினான்காயிரத்துக்கும் மேற்பட்டவர்களை அழைத்து வந்தார்கள். உலகமே கைதட்டியது. தப்பில்லை, கைதட்ட வேண்டிய காரியம்தான்.

வந்து இறங்கியதும் ரபிகள் சந்தேகம் கிளப்பினார்கள், இவர்கள் முழு யூதர்கள்தானா என்று. ஆரம்பத்தில் ஆண்களிடம் சடங்குக்காக ஒரு சொட்டு ரத்தம் கேட்டார்கள். பிறகு அது நின்று, சடங்குக் குளியல் கட்டாயம் என்றார்கள். 1985இல் தலைமை ரபி அலுவலகத்துக்கு எதிரே ஒரு மாதம் உட்கார்ந்து போராடினார்கள். இந்த வேதனை நம் மராட்டிய மண்ணிலிருந்து போன பெனே இஸ்ரேல் யூதர்களுக்குப் புதிதல்ல. கொங்கண் கிராமங்களில் செக்கு ஆட்டிக்கொண்டு, சனிக்கிழமை மட்டும் செக்கை நிறுத்தியதால் "சனிவார் தேலி" என்று பெயர் வாங்கியவர்கள் அவர்கள். இஸ்ரேல் போன பிறகு, கல்யாணம் செய்ய வேண்டுமானால் முன்னோர் சுத்தமா என்று விசாரிக்க வேண்டும் என 1960களின் தொடக்கத்தில் அங்கே உத்தரவு வந்தது. 1964இல் ஜெருசலேமில் அவர்கள் நடத்திய போராட்டமும் பாராளுமன்றத்தின் தலையீடும் சேர்ந்துதான் அந்த உத்தரவைப் பின்வாங்க வைத்தன.

எத்தியோப்பிய இளைஞர்கள் மற்றவர்களைப் போலவே ராணுவத்தில் சேர்ந்தார்கள். முகாமில் ரத்த வண்டி வந்தால் மற்றவர்களைப் போலவே வரிசையில் நின்று கொடுத்தார்கள். வந்த நாட்டுக்கு நம்மால் ஆனது என்ற எண்ணம். நன்றி சொல்லி வாங்கிக்கொண்டார்கள், ஜூஸ் கொடுத்தார்கள். 1996 ஜனவரி கடைசியில் மாரிவ் என்ற நாளிதழ் ஒரு செய்தியை உடைத்தது. எத்தியோப்பியர்கள் கொடுத்த ரத்தத்தை ரத்த வங்கி பல வருஷமாக அவர்களுக்குத் தெரியாமல் கொட்டிக்கொண்டிருக்கிறது என்று.

அதிகாரிகள் சொன்ன காரணம் மருத்துவக் காரணம். ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்களிடம் ஹெபடைடிஸ் பி, எச்.ஐ.வி. விகிதம் அதிகமாக இருந்தது. கிருமி உடம்பில் ஏறிய முதல் சில வாரங்களில் அன்றைய சோதனைகளில் தெரியாது. ரத்தம் வாங்குகிற நோயாளியைப் பாதுகாப்பது ரத்த வங்கியின் முதல் வேலை என்பதை மறுக்க முடியாது. சரி, அப்படியானால் வாங்கும்போதே வேண்டாம் என்று சொல்லியிருக்கலாமே? அதற்கு வந்த பதில்தான் என்னை யோசிக்க வைத்தது. மற்றவர்கள் முன்னால் திருப்பி அனுப்பினால் அவர்களுக்கு அவமானமாக இருக்கும், அதனால் வாங்கிவிட்டுப் பிறகு கொட்டினோம் என்றார்கள்.

இந்தப் பதிலில் கெட்ட எண்ணம் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. நம் வீடுகளிலும் இதைப் பார்த்திருக்கிறோம். வேலைக்கார அம்மா தீபாவளிக்கு ஆசையாக முறுக்கு சுட்டுக் கொண்டு வந்து கொடுப்பார். சிரித்துக்கொண்டே வாங்கி, அவர் தெருமுனை திரும்பியதும் குப்பையில் போடுகிற வீடுகள் உண்டு. கேட்டால், "மனசு நோகக் கூடாதுன்னுதான் வாங்கினேன்" என்பார்கள். வேண்டாம் என்று முகத்துக்கு நேரே சொல்லியிருந்தால் அவர் சண்டையாவது போட்டிருக்கலாம். தெரியாமல் கொட்டினால் அதுவும் முடியாது. கொடுக்கிறோம் என்று நம்பித் திரும்பத் திரும்பக் கொண்டுவந்து கொடுத்துக்கொண்டே இருப்பார்.

ஜனவரி 28ஆம் தேதி ஜெருசலேமில் பிரதமர் அலுவலகத்தின் முன்னால் சுமார் பத்தாயிரம் எத்தியோப்பியர்கள் திரண்டார்கள். அது வரை அதிர்ந்து பேசாதவர்கள், பணிவானவர்கள் என்று பெயர் வாங்கிய சமூகம். கல் பறந்தது, போலீஸ் கண்ணீர்ப்புகையும் தண்ணீரும் அடித்தது, இரு பக்கமும் பலருக்குக் காயம். முன்னாள் ஜனாதிபதி யிட்ஸாக் நவோன் தலைமையில் விசாரணைக் குழு போட்டார்கள். அதன் பிறகு விதி மாறியது, அதாவது வார்த்தை மாறியது. எத்தியோப்பியர் என்று சொல்லாமல், எச்.ஐ.வி. பரவலாக உள்ள நாடுகளில் பிறந்தவர்கள், 1977க்குப் பிறகு ஓராண்டுக்கு மேல் அங்கே வாழ்ந்தவர்கள் என்றார்கள். சுற்றி வளைத்து அதே ஆட்கள்தான். குழந்தையாக வந்து, அங்கேயே படித்து, ராணுவச் சேவை முடித்து, சோதனையில் எந்தக் கிருமியும் இல்லாதவராக இருந்தாலும் பிறந்த ஊர் எத்தியோப்பியா என்றால் கதை முடிந்தது. (இதே 1996 ஜனவரியில்தான் நம் உச்ச நீதிமன்றம், காசுக்கு ரத்தம் விற்பதை ஒழிக்கச் சொல்லித் தீர்ப்பளித்தது. 1998 ஜனவரி 1 முதல் இங்கே அது தடை. அங்கே இலவசமாகக் கொடுத்ததைக் கொட்டினார்கள், இங்கே விற்றதை ஏற்றிக்கொண்டிருந்தோம்.)

ஆட்களைப் பிறந்த ஊரை வைத்து ஒதுக்குவது ரத்த வங்கிகளுக்குச் சுலபமான வழி. ஒரு கேள்வியில் வேலை முடிந்தது. ஒவ்வொருவரையும் தனித்தனியே கேட்டு, சோதித்து முடிவு செய்ய நேரமும் செலவும் ஆகும். அந்தச் செலவை யார் தலையில் கட்டுவது என்பதுதான் கேள்வி. பணமாக ரத்த வங்கி கொடுக்கலாம், இல்லையென்றால் அவமானமாக ஒரு சமூகம் கொடுக்கலாம். இஸ்ரேல் நெடுங்காலம் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தது. கிருமியையே நேரடியாகத் தேடும் சோதனைகள் வந்து அந்த சில வார இடைவெளி சுருங்கிய பிறகும் விதி அசையவில்லை.

2013 டிசம்பரில் இஸ்ரேல் பாராளுமன்ற வளாகத்துக்குள்ளேயே ஒரு ரத்ததான முகாம் நடந்தது. பினினா தமானோ ஷடா என்ற பெண் உறுப்பினர் வரிசைக்கு வந்தார். மூன்று வயதில், 1984-85 விமானங்களில் ஒன்றில் வந்தவர், வழக்கறிஞர். விதிப்படி உங்கள் ரத்தத்தை வாங்க முடியாது என்றார்கள். விவாதம் வலுத்ததும், வேண்டுமானால் எடுத்துக்கொள்கிறோம், ஆனால் உபயோகிக்காமல் உறைய வைத்துவிடுவோம் என்றார்கள். எல்லாம் வீடியோவில் பதிவாகிவிட்டது. ஜனாதிபதி ஷிமோன் பெரெஸ் கண்டித்தார். பிரதமர் நெதன்யாகு அவரைக் கூப்பிட்டுப் பேசினார். சபாநாயகர் ரத்த வண்டியை வளாகத்தை விட்டே வெளியே அனுப்பினார். அந்த ஊழியர்கள் என்ன செய்வார்கள், சுகாதார அமைச்சகம் எழுதிக் கொடுத்த தாளைத்தானே படித்தார்கள். அந்தத் தாளை மாற்ற அதிகாரம் உள்ளவர்கள்தான் கண்டனம் தெரிவித்துக்கொண்டிருந்தார்கள்.

2010களின் பிற்பகுதியில் அந்த விதி தளர்ந்தது. தமானோ ஷடா 2020 மே மாதம் அமைச்சரானார். எத்தியோப்பியாவில் பிறந்த ஒருவர் இஸ்ரேலில் அமைச்சரானது அதுவே முதல் முறை. கிடைத்த துறை, குடியேறி வருபவர்களை வரவேற்று அமர்த்துவது. அந்த டிசம்பரில் அவரே எத்தியோப்பியாவுக்குப் போய், அங்கே பல வருஷமாகக் காத்துக் கிடந்தவர்களில் முந்நூற்றுச் சொச்சம் பேரோடு ஒரே விமானத்தில் திரும்பி வந்தார்.